காதில் விழாமல் வாசித்த ஆர்மோனியம்

குழந்தைவேல் பரமத்தியில் ஆர்மோனியம் வாசித்தால் நாமக்கல் கோட்டை மதிலில் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் எழுந்து பறக்கும் என்பார்கள். புறாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது யார் என்று கேட்காதீர்கள். அதைக் கேட்கிறவர்களுக்கு இந்தக் கதை ஒத்துவராது. மற்றவர்கள் மேலே வாருங்கள்.

அவர் வாசித்ததில் பலதையும் சுற்றுவட்டாரம் நினைவு வைத்திருந்தது. கல்யாண ஊர்வலத்தில் அவர் கட்டையைத் தொட்டதும் மாடு மிரண்டு, மாப்பிள்ளையை அடுத்த ஊரில் கொண்டுபோய் இறக்கிவிட்ட கதை உண்டு. நாடகத்தில் ராணி வேஷக்காரர் பாடியது ஒருவருக்கும் கேட்காமல், அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆர்மோனியத்தின் மேல் ஏறி உட்கார்ந்த கதையும் உண்டு. நான் சொல்லப்போவது ஒருவருக்கும் நினைவில்லாத ஒரு வாசிப்பு. எதிரே உட்கார்ந்திருந்தவர்களே கேட்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். அவருடைய தங்கை பாவாயி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் சேர்த்தது உப்புப் போடுகிற அளவுதான்.

குழந்தைவேலுக்கு ஊர் கரட்டுப்பாளையம். நாமக்கல்லுக்குத் தெற்கே, மொட்டையான ஒரு கரட்டின் அடியில் இருக்கிறது. சாயங்கால நிழல் ஒன்றுதான் அந்தக் கரடு ஊருக்குக் கொடுத்த சொத்து. மழை மனது வைத்தால் சோளமும் நிலக்கடலையும் விளையும். சின்ன வயதில் அப்பா அவரைக் கவலை ஓட்டப் பழக்கினார். கிணற்றிலிருந்து தோல்பறியில் தண்ணீர் ஏற, மாடுகளை முன்னும் பின்னும் நடத்துகிற வேலை அது. குழந்தைவேல் மாட்டைப் பார்க்க மாட்டார். கிணற்று மேல் சுழலும் உருளையைப் பார்த்துக்கொண்டு, அது கிறீச்சிடுகிற சுருதிக்கு வாயால் இன்னொரு சுருதி சேர்ப்பார். ஒருநாள் அப்பா உருளைக்கு விளக்கெண்ணெய் விட்டார். சத்தம் நின்றது. மகன் சோறு வேண்டாம் என்று குப்புறப் படுத்துக்கொண்டார்.

"போயி அந்த எண்ணெயை நக்கி எடுத்துப்போட்டு வா, அப்பறம் சோறு திங்கலாம்" என்றாராம் அப்பா.

போய் நக்கினார் என்று பாவாயி அடித்துச் சொல்வாள். அவள் அப்போது பிறக்கவேயில்லை.

திருச்செங்கோட்டுத் தேருக்கு வந்த நாடகக் கம்பெனியின் பின்னாலேயே குழந்தைவேல் போனார். பெஞ்சு தூக்கினார், திரை இழுத்தார், பிறகு ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். அப்பா செத்து, கம்பெனியும் கலைந்தபின் ஊருக்குத் திரும்பியபோது, வண்டியில் ஒரு கால் ஆர்மோனியம் வந்தது. உட்கார்ந்து காலால் மிதித்துக் காற்றடித்து, இரண்டு கையாலும் வாசிக்கிற பெரிய பெட்டி. ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையென்றால் மண்ணாங்கட்டி வரும். குழந்தைவேல் யோசித்தார். கொல்லன் பட்டறையிலிருந்து ஒரு பழைய துருத்தியைக் கேட்டு வாங்கி, பெட்டிக்குப் பின்புறம் இணைத்துத் தைத்துவிட்டார். அதற்கப்புறம்தான் புறா பறந்தது. பிற்காலத்தில் படங்கள் பேசத் தொடங்கி, கொட்டகைகளில் ஆர்மோனியக்காரர்களுக்கு வேலை போனபோது, அவர் சந்தையில் வெற்றிலை ஏலம் கூவப் போனார். தொண்டையும் அந்தத் துருத்திக்கு உறவுதான்.

நான் சொல்வது படங்கள் ஊமையாக இருந்த கடைசி வருஷங்களில் நடந்தது.

பாவாயிக்குப் பரமத்தி வேலூரில் மாப்பிள்ளை பார்த்துத் தட்டம் மாற்றியிருந்தார்கள். காவிரிக்கரையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த காளியண்ணனின் மகன் தங்கசாமி. வைகாசியில் கல்யாணம். பங்குனியில் பாவாயியின் கணுக்காலுக்கு மேலே ஒரு கொப்புளம் கிளம்பியது. எரிச்சல் தாங்காமல் ஊர்ப் படிக்கிணற்றில் இறங்கிக் காலை நனைத்தாள். கொப்புளம் உடைந்தது. உள்ளேயிருந்து வெள்ளையாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது.

நரம்புச் சிலந்தி. உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள், பார்க்கவும் வேண்டாம். கைநீளத்துக்குச் சேமியா போல ஒரு புழு, காலுக்குள்ளே குடியிருந்து, கோடையில் வெளியே வரும். இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் கால் தூண்போல வீங்கும். அதனால் நுனியை ஒரு குச்சியில் சுற்றி, காலோடு கட்டி, தினமும் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கரட்டுப்பாளையத்தில் இதற்குக் கைராசிக்காரி சின்னாயி. ஊரில் பாதிப் பேர் காலில் அவள் குச்சி ஏறியிருக்கிறது. ஏன் வருகிறது என்று கேட்டால், நாகம்மாள் சாபம் என்பாள். புற்றை மிதித்திருப்பாய், முட்டை வைக்க மறந்திருப்பாய். எல்லோருக்கும் வருவதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் வேலூர்க்காரர்கள் ஆற்றங்கரை ஆட்கள். அவர்கள் இந்தப் புழுவைக் கண்ணால் கண்டதில்லை. புடவை நிறம் கேட்க வந்த காளியண்ணன், மாடு கட்டுகிற கட்டுத்தரைப் பக்கம் பாவாயி உட்கார்ந்திருப்பதையும், அவள் காலில் கட்டியிருந்த குச்சியையும், குச்சியில் சுற்றியிருந்ததையும் பார்த்துவிட்டார்.

"இதென்ன கொளந்தவேலு, உசுரோட நெளியுது?"

"ஒண்ணுமில்லீங்க மாமா, சிலந்தி. இன்னம் கொஞ்ச நாள்ல வந்துரும்."

பக்கத்தில் இருந்த சின்னாயி, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "நாகம்மா கோவமுங்க. பொங்க வெச்சாப் போயிருமுங்க" என்றாள்.

காளியண்ணன் பாயிலிருந்து எழுந்தார். முன்னால் வைத்திருந்த சொம்பைத் தொடவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். சம்பந்தம் நிலைக்கும் என்று மனதில் பட்டால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். தட்டம் மாற்றிய வீட்டில் தண்ணீர்கூடத் தொடாமல் ஒருவர் எழுந்தால், வாயால் வேறு சொல்லத் தேவையில்லை.

"என்ற ஊர்ல ஒருத்தருக்கும் இப்படி வந்ததில்ல" என்றார். "யோசிச்சுச் சொல்லியுடறேன், சாமி."

அவர் போனபின் பாவாயி அந்தச் சொம்பை எடுத்துத் தானே குடித்தாள். அழவில்லை. தங்கசாமியைத் தட்டம் மாற்றிய அன்று ஒரு தடவைதான் பார்த்திருந்தாள். ஆனால் பார்த்தது போதும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

அந்த வாரமே சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் மோட்டார் வண்டியில் வந்து இறங்கினார். அம்மை குத்துகிறவர் என்பதால் ஊருக்கு அவர் ஊசிக்காரய்யா. இந்த முறை ஊசி இல்லை, படப்பெட்டி இருந்தது. நரம்புச் சிலந்தியைப் பற்றியே ஒரு படம். இரண்டு முறை வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் முடிந்துவிடுகிற குட்டிப் படம். புண்ணோடு கிணற்றில் கால் வைக்கிறவன், தண்ணீரில் புழு விடும் குஞ்சு, அதைத் தின்னும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத தண்ணீர்ப் பூச்சி, அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவள், பிறகு அவள் காலிலும் புண். கடைசியில் ஒரு பெண் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றுகிறாள். அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டருக்கு ஒரு கவலை இருந்தது. முந்தின ஊரில் படம் காட்டியபோது, ஜனங்கள் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். படப்பெட்டிதானே கிர்ரென்று சத்தம் போடுகிறது? சத்தம் வருகிற பக்கம்தானே மனிதன் முகத்தைத் திருப்புவான்? படம் முடிந்ததும், பெட்டி நன்றாகச் சுற்றியது என்று பாராட்டிவிட்டுப் போனார்களாம்.

"திரைக்குப் பக்கத்தில் யாராவது ஏதாவது வாசித்தால் தேவலை" என்றார்.

குழந்தைவேல் அதற்குள் ஆர்மோனியத்தை இறக்கிக்கொண்டிருந்தார். புழு தண்ணீரிலிருந்து வருகிறது என்று ஊர் நம்பிவிட்டால் தங்கை மேல் சாபம் ஒட்டாது என்று அவருக்குக் கணக்கு.

படம் ஓடியது. குழந்தைவேல் அதை முன்னால் பார்த்ததில்லை. நாடகத்தில் வாசிக்கிற மாதிரி, எது வருகிறதோ அதற்குரியதை வாசித்தார். கிணறு வந்தது, தண்ணீர் தூக்குகிற பெண்கள் மேல் ஒரு துள்ளல் மெட்டு. புண் வந்தது, முகாரி. பிறகு பூதக்கண்ணாடி வழியாகப் பிடித்த புழு வந்தது. பனைமரம் அளவுக்கு, வெள்ளை வெளேரென்று, திரை முழுக்க நெளிந்தது. குழந்தைவேலின் விரல் அவரைக் கேட்கவேயில்லை. நெளிகிறதைப் பார்த்தால் புன்னாகவராளிதான், மகுடி மெட்டுத்தான். பதினைந்து வருஷ நாடகப் பழக்கம். கொல்லன் துருத்தி வேறு முழுமூச்சில் இருந்தது.

முன்வரிசையில் சின்னாயிக்குத் தலை சுற்றியது, கூந்தல் அவிழ்ந்தது. "நான்தான்டா வந்திருக்கறேன்!" என்று எழுந்தாள்.

அப்புறம் என்ன. குலவை எழுந்தது. ஒருத்தி திரைக்குக் கற்பூரம் காட்டப் போக, இன்ஸ்பெக்டர் பாய்ந்து பிடித்தார். "பாலை ஊத்துங்கடி கெணத்துல!" என்று நாகம்மாள் உத்தரவு போட்டாள். பெண்கள் பாலும் முட்டையும் எடுத்துக்கொண்டு, காலில் புண் உள்ளவர்கள் முதலாக, படிக்கிணற்றில் முழங்கால் ஆழத்துக்கு இறங்கினார்கள். படம் எதைச் செய்யாதே என்றதோ அதை ஊர் கூடி ஒரே நேரத்தில் செய்தது. இன்ஸ்பெக்டர் படப்பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி வண்டியில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். ஒருவரையும் திட்டவில்லை.

காலையில் சின்னாயி குச்சி சுற்ற வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, "நேர்ல வந்து நின்ன தெய்வத்தைக் குச்சியில சுத்தச் சொல்றீங்களே, அடுக்குமா?" என்றாள். பாதி வெளியே, பாதி காலுக்குள்ளே இருந்த தெய்வத்தைப் பாவாயி தானே குனிந்து சுற்றிக்கொள்ள ஆரம்பித்தாள்.

வேலூர் பஸ்ஸில் சேதி போனது. பஸ் போய்ச் சேர்வதற்குள் அது வளர்ந்தும்விட்டது. கரட்டுப்பாளையத்தில் நாகம்மாள் துணியில் இறங்கி, 'பாவாயி காலில் நான்தான் இருக்கிறேன், அவளைக் கட்டுகிறவன் குடும்பம் விளங்காது' என்று ஆர்மோனியத்திலேயே பாடினாளாம்! வேலூரிலிருந்து காளியண்ணனின் பதில் வந்தது: அடுத்த சந்தை கழிந்ததும் தட்டத்தைத் திருப்பி அனுப்புகிறோம்.

"நானே வாசிச்சுக் கெடுத்துப்போட்டேன் அம்மிணி" என்றார் குழந்தைவேல்.

"ஆமா" என்றாள் பாவாயி. ஆறுதல் சொல்கிற வழக்கம் அவளிடம் கிடையாது. "இனி வாசிச்சுச் சரி பண்ணு. வேலூர்ச் சந்தையிலதான அடுத்தாப்புல படம் காட்டறாங்க?"

குழந்தைவேல் நாமக்கல்லுக்கு நடந்தே போய் இன்ஸ்பெக்டரைப் பிடித்தார். இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்ததும் கதவைப் பாதி சாத்தினார்.

"வேண்டாமய்யா. முதுகைக் காட்டிக்கொண்டே உட்காரட்டும். கிணற்றிலாவது இறங்காமல் இருப்பார்கள்."

"பாராம எப்படிங்கய்யா நம்புவாங்க? மொகத்தைத் திருப்ப மட்டும் வாசிக்கறனுங்க."

இன்ஸ்பெக்டர் சாத்திய பாதிக் கதவைத் திறந்தார். "அதற்கு மட்டும்தான்" என்றார். "இது நல்லது, இது கெட்டது, இது சாமி, இது பேய் என்று உன் பெட்டி ஒன்றும் சொல்லக்கூடாது. பார்க்கிறவன்தான் சொல்ல வேண்டும். முடியுமா?"

"முடியுமுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தபிறகுதான் அது என்ன என்று குழந்தைவேலுக்குப் புரியவில்லை என்பது அவருக்குப் புரிந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு தயவு செய்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வண்டியோடு கரட்டுப்பாளையம் வந்து, கட்டுத்தரையில் வேட்டியைக் கட்டி, படத்தை ஓட்டிக் காட்டினார். பார்வையாளர்கள் பாவாயி, ஆத்தா, ஓர் எருமை. குழந்தைவேல் முதல் தடவையாக, வாசிக்காமல் பார்த்தார். பார்த்தபின் உட்கார்ந்து தேட ஆரம்பித்தார்.

முகாரியைக் குறைத்து, ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். ஆத்தா, "ஐயோ என்ற மகளே!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். எதிரே மகள் நிலக்கடலை தின்றுகொண்டிருந்தாள். மோகனத்தில் சும்மா ஒரு இழை இழுத்தார். "புண்ணுக்குக் கலியாணமா?" என்றாள் பாவாயி. அவருக்குத் தெரிந்த ஒவ்வொரு ராகமும் எங்கேயோ வேலை பார்த்துவிட்டு வந்ததாக இருந்தது. ஒன்று தாலி கட்டப் போயிருந்தது, ஒன்று சுடுகாட்டுக்கு, ஒன்று ராஜா கொலுவுக்கு. வேலை பார்க்காத ராகம் எங்கே கிடைக்கும்? கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். உடனே ஆத்தா படப்பெட்டிப் பக்கம் திரும்பிவிட்டாள். எருமையும் திரும்பியது என்று பாவாயி சொல்வாள். எருமை விஷயத்தில் நான் உப்புச் சேர்க்கவில்லை.

"சரி, சவும் பவும் மட்டும் எடுத்துக்கறேன்" என்றார் குழந்தைவேல். "ரெண்டும் எல்லா ஊட்டுக்கும் போற சுரம். எந்தச் சாமிக்கும் எழுதி வெக்கலை."

அடிக்கட்டை ஒன்றை மெல்ல அமுக்கினார். ம்ம் என்று ஒன்று வந்தது. ஆத்தா அந்தப் பக்கம் திரும்பினாள். நல்லது. கிணறு வந்தது, ஆட்கள் வந்தார்கள், அதே சுரம் போதுமாக இருந்தது. ஆனால் குச்சி சுற்றுகிற இடத்தில் அது வெறுமையாக, ஒட்டாமல் நின்றது. இன்ஸ்பெக்டர் திரும்பத் திரும்ப அந்த இடத்தையே ஓட்டினார். அவருக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. "கொஞ்சம் மேலே போய்ப் பாரேன்", "கொஞ்சம் கீழே போய்ப் பாரேன்" என்று அவரும் சொல்லத் தொடங்கினார்.

பாவாயி அன்று காலையில் சுற்ற மறந்திருந்தாள். திரையில் குச்சி சுற்றுவதைப் பார்த்ததும் நினைவு வந்து, அங்கேயே குனிந்து தன் காலில் ஒரு சுற்றுச் சுற்றினாள். நிமிர்ந்தபோது சொன்னாள்:

"அண்ணா, சுத்தறப்ப எனக்குப் பாட்டெல்லாம் ஒண்ணும் கேக்கலை."

"பின்ன என்ன கேக்குது?"

"என்ற மூச்சுத்தான். சுத்தறப்பப் புடிச்சுக்கறேன். அறுகாம நின்னுதுன்னா உட்டர்றேன். வேறென்ன இருக்குது அதுல?"

குழந்தைவேல் அவளைப் பார்த்தார். பிறகு ஆர்மோனியத்தைப் பார்த்தார். அத்தனை வருஷமாக மிதித்து மிதித்து அவர் அதற்குள் அடைத்தது வேறென்ன? கட்டை ஒன்றையும் தொடாமல் காலால் மட்டும் மெதுவாக மிதித்தார். பழைய தோல் மடிப்புகள் வழியாகக் காற்று ஸ்ஸ்... என்று கசிந்தது. காலை நிறுத்தினார், நின்றது. விட்டார், மறுபடி ஸ்ஸ்... கட்டுத்தரையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பது மாதிரி, அல்லது ஒருவர் விழித்துக்கொண்டு காத்திருப்பது மாதிரி.

"மறுபடி ஓட்டுங்கய்யா" என்றார்.

குச்சி சுற்றியது. பெட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டது. திரையிலிருந்த கை நின்றது. பெட்டி மூச்சு விட்டது. ஆத்தா அழவில்லை, படப்பெட்டிப் பக்கம் திரும்பவும் இல்லை. திரைக்குக் கிட்டே நகர்ந்து போய், "எத்தச்சோடு நீளம் உள்ளுக்குள்ள கெடக்குது பாரு!" என்று புழுவைப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அவள் அதை இப்போதுதான் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும்.

தண்ணீர் வடிகட்டுகிற இடத்துக்கு, மேல் சுரத்தில் ஒரு தொடல், ஒரு இடைவெளி, மறுபடி ஒரு தொடல். சொட்டு விழுகிற மாதிரி. சொட்டு என்று காட்டுகிற மாதிரி இல்லை.

எல்லாம் முடிந்து இன்ஸ்பெக்டர் பெட்டியைக் கட்டும்போது, குழந்தைவேல் தங்கையின் பக்கம் நகர்ந்தார். "கடைசியில, வணக்கம் போடற எடத்துல மட்டும் ஒரு சின்ன..."

"வேண்டாம்ணா."

"கடுகாட்டம் அம்மிணி."

"உன்ற கடுகு பூசணிக்காய் தண்டி இருக்கும். வேண்டாம்."

மறுநாள் துருத்தியைப் பிரித்துக் கொல்லனிடம் திருப்பிக் கொடுத்தார். கொல்லன் அதைத் தட்டிப் பார்த்து, "ஏனுங்க, இதுக்குள்ள இன்னும் பாட்டு இருந்தா உதறிட்டுக் குடுங்க. இரும்பு ஆடீரும்" என்றான்.

சந்தை நாள். வேலூரில் வெற்றிலை வாங்க மேட்டுக்காட்டு ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். பொழுது இறங்கியதும் சந்தைப் பேட்டையில் திரை கட்டினார்கள். ஆற்றங்கரை ஆட்கள் ஒரு பக்கம், மேட்டுக்காட்டு ஆட்கள் ஒரு பக்கம். ஆற்றங்கரைக் கூட்டத்தின் நடுவில் காளியண்ணன் கைகட்டி நின்றார், பக்கத்தில் தங்கசாமி. நாகம்மாள் இறங்குவதைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம் வந்திருந்தது. கற்பூரம்கூட ஒருவர் மடியில் இருந்தது. பாவாயியை வண்டியில் கொண்டுவந்து, திரைக்குப் பக்கவாட்டில் இருட்டுக்குள் உட்கார வைத்திருந்தார் குழந்தைவேல். அவள் பார்வை தன் மேல் இருக்க வேண்டும் என்பதற்காக.

படம் ஓடியது. அடிக்கட்டை ம்ம் என்றது. முகங்கள் திரைப்பக்கம் திரும்பின. பிறகு அதை ஒருவரும் கவனிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் திரையில் வந்த எழுத்துகளைப் படித்துச் சொன்னார். அவர் சொன்னது கடைசி வரிசைக்கும் கேட்டது. புண் வந்தது. குச்சி வந்தது. பெட்டி மூச்சைப் பிடித்தது. பனைமரத் தண்டிக்குப் புழு நெளிந்தபோது குழந்தைவேலின் வலது கை தானாகக் கட்டை மேல் ஏறியது. விரலெல்லாம் புன்னாகவராளி. இருட்டுக்குள்ளிருந்து பாவாயி செருமினாள். அவர் கையைத் தூக்கித் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

சந்தைப் பேட்டை முழுக்க அமைதி. சாமி வரவில்லை. வருவதற்கு ஒரு சத்தம் வேண்டுமே, பாவம், அதற்கு.

அந்த அமைதியில் மேட்டுக்காட்டுப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது: "அடடா, இது என்ற காலாட்டவே இருக்குது!"

"உனக்கும் வந்துச்சா மாமா?"

"வந்துச்சாவா? வருசா வருசம் விருந்துக்கு வர்ற ஒறம்பரையாட்ட வருது."

"எனக்கு முழங்கால்ல. என்ற மச்சானுக்கு முதுகுல வந்து, படுக்க முடியாம நின்னுக்கிட்டே தூங்கினான்."

வெளிச்சம் விழுந்த இடத்துக்கு ஒருவர் வந்து வேட்டியைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். அவரைப் பார்த்து இன்னொருவர். படம் ஒரு பக்கம் ஓட, மேட்டுக்காட்டு ஆட்கள் கால் காட்டுகிற போட்டியே நடத்தத் தொடங்கினார்கள். முன்பு மாதிரி துருத்தி ஊதியிருந்தால் இந்தப் பேச்சில் ஒரு சொல் ஒருவர் காதிலும் விழுந்திருக்காது.

காளியண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். தழும்புகளைக் குனிந்து பார்த்தார். "இத்தன பேருக்குமா நாகம்மா சாபம்?" என்றார்.

"அப்பிடின்னா அவுங்களுக்கு வேற சோலியே இல்லீங்களா?" என்றார் கால் தூக்கியவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"பின்ன எங்கூர்ல மட்டும் ஏன் வரலை? நாங்க என்ன அத்தன யோக்கியமா?"

"அத நீங்கதான் சொல்லோணும். நீங்க ஓடற தண்ணியக் குடிக்கறீங்க. நாங்க காலைக் கழுவிப்போட்டு அதையே குடத்துல மொண்டுக்கறோம்." சொன்னவர் சொல்லிவிட்டுத் தானே ஒரு கணம் நின்றார். சொன்னது அவருக்கே அப்போதுதான் கேட்டது போல. பிறகு திரும்பித் திரையைப் பார்த்தார். காளியண்ணனும் பார்த்தார். அங்கே ஒரு பெண் துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டிக்கொண்டிருந்தாள். சொட்டு விழுந்தது.

படம் முடிந்தது. கடுகுகூட வாசிக்காமல் குழந்தைவேல் எழுந்தார். காளியண்ணன் அவரைக் கண்டதும் கிட்டே வந்தார்.

"கொளந்தவேலு, நீதான் ஆர்மோனியம்னு சொன்னாங்க. ஒடம்புக்குச் சுகமில்லையா, வாசிக்கவே இல்லையே?"

குழந்தைவேலுக்கு நெஞ்சு ஒரு பக்கம் குளிர்ந்தது, ஒரு பக்கம் எரிந்தது. "வாசிச்சனுங்க" என்றார்.

"எப்ப?"

"படம் பூராவும் ஒட்டுக்காவே வாசிச்சனுங்க."

காளியண்ணன் அவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனார். தட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தங்கசாமி மட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்த பாவாயியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். திரும்பிப் பார்த்தது கழுத்துவலியால் என்று பிற்பாடு அவன் சாதித்ததாகக் கேள்வி.

சந்தை கழிந்து இரண்டு நாளாயிற்று, தட்டம் வரவில்லை. மூன்றாம் நாள் காளியண்ணனே வந்தார், கையில் ஒன்றும் இல்லாமல். பாவாயி காலில் குச்சி இல்லை. முந்தின நாள்தான் புழு கடைசிவரை வந்து விழுந்திருந்தது. துணி மட்டும் சுற்றியிருந்தது. காளியண்ணன் பாயில் உட்கார்ந்தார். மழை பற்றிப் பேசினார். கொடிக்காலுக்கு அகத்தி நட்டது பற்றிப் பேசினார். வாசலில் அக்கம்பக்கத்து ஆட்கள், வேறு ஏதோ வேலையாக வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். கடைசி ஆளாகச் சின்னாயியும் நின்றாள்.

"வெயிலு தாங்கலை" என்றார் காளியண்ணன். "தண்ணி குடும்மா."

ஆத்தா எழுந்தாள். பாவாயி கையமர்த்திவிட்டுத் தானே நொண்டிக்கொண்டு போனாள். வெளுத்த துணியொன்றை இரண்டாக மடித்துச் சொம்பின் வாயில் கட்டி, குடத்திலிருந்து மெல்ல ஊற்றினாள். துணியை அவிழ்த்துத் தூரப் போடப் போனாள்.

"இங்க கொண்டா" என்றார் காளியண்ணன்.

துணியை வாங்கி வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஈரத்தின் மேல் தூசு மாதிரி சில புள்ளிகள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று துள்ளியது. இன்னொன்று துள்ளியது.

"இத்துனூண்டா?" என்றார். "இதுக்கா நான் அத்தன பயந்தேன்?"

சொம்பைக் கையில் எடுத்தார். வாசலில் ஒருவரும் அசையவில்லை. உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தினார். கல்யாணம் அங்கேதான் நின்றது, உதட்டுக்கும் சொம்புக்கும் நடுவில். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, நின்று நிதானித்து, கடைசிச் சொட்டு வரை குடித்தார். சொம்பைக் கவிழ்த்துக் கீழே வைத்தார்.

வீட்டுக்குள் இருந்தவர்களும் வாசலில் இருந்தவர்களும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

காளியண்ணன் தலையைத் தூக்கிச் சுற்றும் முற்றும் பார்த்தார். "இந்தச் சத்தத்தை எங்கயோ கேட்டிருக்கறனே" என்றார்.

குழந்தைவேல் வாயைத் திறந்தார். பாவாயி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்.